கடைசியாகத் தொட்டவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பயமெல்லாம் இல்லை. தன் பெயர் எதிலும் விழுந்துவிடக் கூடாது என்று ஐம்பது வயதுவரை அத்தனை பாடுபட்ட மனிதர், அந்த உழைப்பை நான் எதற்கு வீணாக்க வேண்டும்? அவருக்குச் செய்ய வேண்டியதை வேறு வழியில் செய்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மின்தூக்கியின் பொத்தானை அவர் அழுத்தி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சிங்கப்பூரின் பாய லேபாரில் எங்கள் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது. காலையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியைக் கயிற்றோடு விரலில் மாட்டிக்கொண்டு கீழே நிற்பார். யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த விதிகள் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். முதலில் நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் நாங்கள் நால்வர் ஏறியபோது மின்தூக்கி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. உடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு லா அமுக்கினது?" என்பதுதான். நான்தான் அழுத்தியிருந்தேன். ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை மற்ற மூவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் வேலை சுலபம். அப்படிச் சொல்ல முடியவில்லை. நான் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில் வாய்க்கு வாய் சார் போட்டபோது, "இங்க சாரெல்லாம் கிடையாது, அண்ணேன்னு கூப்பிடு போதும்" என்றார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அந்த 'லா'வும் இந்த ஊர்ப் பேச்சுதான். எந்தக் கடையில் எது மலிவு, எந்த வீட்டுக்காரன் சமைக்க விடுவான், எந்த மருத்துவர் குழந்தையைப் பொறுமையாகப் பார்ப்பார் என்று எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃபேரர் பார்க்கில் வீடு கிடைத்ததும் சிராங்கூன் சாலையில் மெத்தை வாங்கினோம். கடைக்காரர் மறுநாள்தான் கொண்டுவந்து போட முடியும் என்றார். என் கணவருக்கு அன்று வேலை. சனிக்கிழமை வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக அவர்தான் வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். பின்முனையை. "நீ முன்னாடி போ லா, நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன்." இரண்டு தெரு தாண்டி, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டி மெத்தை இடித்து உடைந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரு சீனப் பாட்டி வந்து நின்றார். அண்ணன் தன் முனையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டார். "முன்னாடி போனது நீதானம்மா, நீயே சொல்லிடு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். வேறு தொட்டி வாங்கிக் கொடுத்தது அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதைக்கூட என் கையில் கொடுத்து, என்னைத்தான் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலை போடும் கடைக்கு நாங்கள் அடிக்கடி போவோம். மெனு அட்டையை என் பக்கம் தள்ளிவிடுவார். "உனக்கு என்ன தோணுதோ சொல்லு, எனக்கும் அதே." மீன் தலைக் கறி நன்றாக இருந்தால் ரசித்துச் சாப்பிடுவார். உப்புக் கூடிவிட்டால் இலையை மூடாமலே ஓரத்தில் ஒதுக்கிவைத்து, "நீ சொன்னேன்னுதான் சாப்பிட்டேன்" என்பார். கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நம்பி நான் நாலு வருடம் ஓட்டினேன்.

அப்படி ஏன் இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். முதல் வேலையில் ஒரு தவறு செய்தாராம். யாரும் கேட்பதற்கு முன்பே தானே போய் ஒப்புக்கொண்டாராம். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "அன்னையோட விட்டேன் லா, உண்மை சொல்ற பழக்கத்த" என்று சொல்லிவிட்டு மேசை அதிர அதிரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

இனி எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் விடுதிகளுக்கு மதியச் சாப்பாடு போகிறதே, அந்த ஆர்டர்களை வாங்கிச் சமையல்கூடத்துக்கு அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் மென்பொருள். அது குபர்னெட்டிஸ் என்ற ஏற்பாட்டுக்குள் ஓடியது. அதில் ஒவ்வொரு நிரலும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். பாட் என்பார்கள். அதற்குத் தமிழில் வேற்றுமை உருபு சேர்த்தால் பாடை வந்துவிடும் என்பதால் நான் பெட்டி என்றே சொல்கிறேன்.

பெட்டி திறக்கும்போது ஒரு சீட்டைப் படித்துக்கொண்டு திறக்கும். எந்தச் சமையல்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். என்விரான்மென்ட் வேரியபிள் என்று சொல்வது இந்த விவரங்களைத்தான். பெட்டி அவற்றை ஒரே ஒருமுறைதான் படிக்கும். அதற்குப் பிறகு வெளியே இருக்கும் சீட்டை யார் எப்படி மாற்றி எழுதினாலும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குத் தெரியாது. அது பழையதையே நம்பிக்கொண்டு வேலை செய்யும். என்றைக்காவது பெட்டியை மூடித் திறந்தால் அன்றைக்குத்தான் புதுச் சீட்டைப் படிக்கும். ஆக, இன்று ஒருவர் சீட்டை மாற்றினால், விளைவு ஒரு மாதம் கழித்து, பெட்டியை மூடித் திறந்த இன்னொருவர் தலையில் விழலாம். எங்கள் அண்ணனுக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு.

அந்தச் சீட்டைத் திருத்தும் அனுமதி எங்கள் குழுவில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அவருக்கும் எனக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கிராஞ்சி விடுதிகளுக்கான பெட்டி ஓடாமல் உறைந்து நின்றது. இது அவ்வப்போது நடப்பதுதான். மூடித் திறந்தேன். ஓடியது. எட்டு மணிக்கு ஆர்டர் போனது. சமையல்கூடம் ஏற்றுக்கொண்டதாகப் பச்சை எழுத்தில் பதில் வந்தது. நான் போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன்.

பன்னிரண்டரைக்கு முருகேசன் அழைத்தார். கிராஞ்சி விடுதி வாசலில் லாரியிலிருந்து சாப்பாட்டை இறக்கிப் பிரித்துக் கொடுப்பவர் அவர். புதுக்கோட்டைக்காரர்.

"அக்கா, லாரி இன்னும் வரலக்கா. ராத்திரி ஷிப்டு முடிச்சவங்க எந்திரிச்சு வந்து தட்டோட நிக்கிறாங்க. பக்கத்து சைட்டுக்கு வேற அனுப்பணும்."

சமையல்கூடத்துக்கு அழைத்தால், கிராஞ்சிக்கு இன்று எண்ணிக்கையே வரவில்லையே, விடுமுறை என்று நினைத்தோம் என்கிறார்கள். பெட்டிக்குள் போய் அது படித்துவைத்திருக்கும் விவரங்களை வரிவரியாக வெளியே எடுத்துப் பார்த்தேன். சமையல்கூடத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சோதனைச் சமையல்கூடத்தின் முகவரி இருந்தது. சோதனைச் சமையல்கூடம் என்பது கணினிக்குள் மட்டும் இருப்பது. அங்கே அடுப்பும் கிடையாது, ஆளும் கிடையாது. எத்தனை சாப்பாடு கேட்டாலும் சரி என்று சொல்லும். சீட்டைத் திருத்தி, பெட்டியை மறுபடி மூடித் திறந்து, சமையல்கூடத்தைக் கெஞ்சி, கிராஞ்சியில் சோறு இறங்கும்போது மணி மூன்றரை.

நான்கு மணிக்கு மேலாளர் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவர் சீனப் பெண்மணி, நேர்மையானவர், ஆனால் பொறுமை கொஞ்சம் குறைவு. என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: இதைக் கடைசியாகத் தொட்டது யார்?

அதற்குப் பதில் திரையில் இருந்தது. காலை ஏழரைக்குப் பெட்டியை மூடித் திறந்தது நான். என் பெயர் பெரிதாக இருந்தது. நான் சீட்டை மாற்றவில்லை, மூடித் திறந்தது மட்டும்தான் நான் என்று சொல்லச் சொல்ல, குரல் உடைந்து அழுதுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அண்ணன் மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அன்றிரவு தூங்காமல் புரண்டுவிட்டு, மறுநாள் காலையில் சீட்டைக் குடைந்தேன். அதன் அடிப்பகுதியில் யாரும் கவனிக்காத சில வரிகள் இருக்கும். கடைசியாக எந்தக் கருவி, எந்த நேரத்தில் திருத்தியது என்று காட்டும். திருத்திய ஆளின் பெயரைக் காட்டாது. சோதனை முகவரி ஏறியது ஐந்து வாரத்துக்கு முன்னால், சிங்கப்பூர் நேரம் காலை பத்து நாற்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் அப்போது எட்டு பத்து. என் தம்பி தாலி கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் மண்டபத்தில் அட்சதைத் தட்டைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். வீடியோவே இருக்கிறது.

இரண்டு பேர் கையில்தான் சாவி. ஒருத்தி மண்டபத்தில் நிற்கிறாள். மீதி யார்?

அவரிடம்தான் முதலில் போனேன். அதுதான் நான் செய்த பிசகு. திரையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த வாரந்தான் புதுக் கஸ்டமருக்கு டெமோ காட்டினீங்கண்ணே. டெஸ்ட் அட்ரஸ மாத்திப் பாத்திருப்பீங்க. பெட்டிய மூடித் திறக்காததால ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படியே விட்டுட்டீங்க."

"நானா? இருக்காது லா."

"பின்ன யாருண்ணே?"

"இதுல டைம்தான் இருக்கு, பேரு இல்லயேம்மா. யாரு மாத்தினாங்கன்னு லாக்ல பாக்கலாம்னா அது ரெண்டு வாரத்துக்கு மேல நிக்காது. விடு. யாரோ மாத்தியிருக்காங்க."

மேலாளரிடம் கல்யாண வீடியோவைக் காட்டினேன். அவர் முழுதாகப் பார்த்தார். பிறகு ஊருக்குப் போனபோது அலுவலக மடிக்கணினி உன்னிடம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அவசரத்துக்கு உதவும், எடுத்துக்கொண்டு போ என்று வற்புறுத்தித் தந்தவர் அண்ணன். அதை எப்படிச் சொல்வது? தாலி கட்டும்போது எவள் மடிக்கணினியைத் திறப்பாள் என்று அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அறிக்கை என் பெயரில் எழுதப்பட்டது. திருத்த நடவடிக்கை என்ற பகுதியில், இனி பெட்டியை மூடித் திறக்க நான் அண்ணனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று போட்டார்கள். சீட்டை மாற்றுவதற்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. ஓட்டை அங்கேதான் என்று நான் சொல்லி எடுபடவில்லை, சொல்ல வேண்டியவர் வாயைத் திறந்தால்தானே அடைக்க முடியும்?

மாசியோடு என் வேலை பாஸ், அதாவது இங்கே வேலை செய்யும் அனுமதி, முடிவதாக இருந்தது. நீட்டிப்பதா என்பதைத் தைப்பூசம் முடிந்த வாரத்தில் சொல்வதாக மேலாளர் சொன்னார். அந்த அறிக்கை கோப்பில் இருக்கும்வரை பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் போனால் கணவரும் மகளும் கிளம்ப வேண்டும், அவர்களுடைய அனுமதி என் பாஸில் தொங்கியது. மகள் பாலர் பள்ளியில் மூன்று பாஷையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதோடு சும்மா இருக்கவில்லை. தினமும் மதியம் மூன்று மணிக்குப் பெட்டிக்குள் போய் அது படித்துவைத்திருக்கும் விவரங்களை எடுத்து, வெளியே இருக்கும் சீட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். ஆரம்பத்தில் அது பயம். போகப்போக அது வேறொன்றாகிவிட்டது. காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் மாறமாட்டார். இன்னொரு டெமோ வரும், இன்னொருமுறை சீட்டில் கை வைப்பார், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார். இடையில் என்னோடு எப்போதும்போலச் சாப்பிட வந்தார். அட்டையை என் பக்கம் தள்ளினார். நானும் எப்போதும்போல ஆர்டர் சொன்னேன். அவர் மீன் கண்ணை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, இரு, உனக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்குச் சோற்றைவிட ருசித்தது. பொய் சொல்ல விருப்பமில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு அது கண்ணில் பட்டது. பெட்டிக்குள் சரியான முகவரி. வெளியே சீட்டில் சோதனை முகவரி. அடியில் நேரம் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன்னால், டெமோ நடந்த காலை.

இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. நான் விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாள் பொறுப்பு அவருடையது. அதோடு, பெட்டிகள் ஓடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து எல்லா இயந்திரங்களையும் ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பார்கள், பெட்டிகள் தாமாக மூடி வேறிடத்தில் திறந்துகொள்ளும். அதாவது, யாரும் தொட வேண்டாம். கிராஞ்சிப் பெட்டி தானாக மூடித் திறக்கும். புதுச் சீட்டைப் படிக்கும். எட்டு மணி ஆர்டர், இல்லவே இல்லாத சமையல்கூடத்துக்குப் போகும்.

அவர் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அண்ணே, ஒரு நிமிஷம் என்றால் போதும். சீட்டை நானே திருத்த அரை நிமிடம் ஆகும். திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தட்டோடு நிற்கும் ஆட்கள் என் கண் முன்னால் வந்தார்கள். வராமலில்லை. டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிய கையும் வந்தது.

விடுப்பில் போகுமுன் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். பெட்டிகள் எல்லாம் ஓடுகின்றன. பிழை எதுவும் பதிவாகவில்லை. நாளை காலை ஏழுக்கு இயந்திரப் புதுப்பிப்பு உண்டு. இன்று நான் எதையும் மாற்றவில்லை, மூடித் திறக்கவும் இல்லை. நான்கு வரி. அனுப்பிவிட்டு, வரேன்ணே என்றேன்.

"போய்ட்டு வா. எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார்.

மறுநாள் மஞ்சள் புடவையும் தலையில் பால்குடமுமாக நடந்தேன். கணவர் என் பையையும் போனையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோவில் பெரிய தூரமில்லை, ஆனால் கூட்டம் ஊர்ந்துதான் போகும். காலையிலிருந்து விரதம். பசி என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டிய நேரமில்லை அது. டோபி காட் பக்கத்தில் வரிசை நின்றது. பின்னால் ஒரு காவடிக்காக வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது கணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கிராஞ்சி முருகேசன். ரெண்டு தடவை அடிச்சுட்டாரு. எடுக்கவா?"

மணி பன்னிரண்டு இருபது. எடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் சீட்டைத் திருத்துவார், இரண்டரைக்காவது சோறு போய்ச் சேரும். என் இரண்டு கைகளும் குடத்தில் இருந்தன.

"எடுக்காதீங்க."

"ஏதோ அவசரம் போல..."

"இன்னைக்கு நான் லீவு. எடுக்காதீங்கன்னா எடுக்காதீங்க."

மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. வரிசை நகர்ந்தது. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். பால் கொஞ்சம்கூடச் சிந்தவில்லை.

அன்று கிராஞ்சியில் சோறு இறங்கியபோது மணி ஐந்து. என்ன என்று கண்டுபிடிக்க அண்ணனுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. பெட்டிக்குள் போய்ப் பார்க்காமல், யார் மூடித் திறந்தது என்று தேடிக்கொண்டே இருந்தாராம். யாரும் இல்லை. மறுநாள் மேலாளர் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் முதல்முறையாகச் சங்கடம் தெரிந்தது. இந்தமுறை அந்த லாக் பதிவேடு அழிந்திருக்கவில்லை. தலைமையகத்துக்காரர்கள் திறந்து பார்த்தார்கள். மூன்று நாளைக்கு முன்னால், டெமோ நடந்த காலை, சீட்டைத் திருத்தியவர் பெயர் அதில் பளிச்சென்று இருந்தது. பழைய அறிக்கையையும் எடுத்து மேசையில் வைத்தார்கள். அதே முகவரி, அதே விதம், அதே டெமோ. கல்யாண வீடியோவை மேலாளர் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். என் பாஸ் நீண்டது.

அண்ணனை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. நீங்களே ராஜினாமா எழுதுங்கள் என்றார்கள். அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், வேறு வழியில்லை. அந்தக் காட்சியைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் குறைதான்.

அடுத்த வாரம் ஒரு வேலையாகக் கிராஞ்சி விடுதிக்குப் போனேன். முருகேசன் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அன்னைக்கு போன் அடிச்சேன்க்கா. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, பூசமாச்சே, அக்கா சாமிகிட்ட இருப்பாங்களே, தொந்தரவு பண்ணிட்டமேன்னு. மனசுல வச்சுக்காதீங்கக்கா. இருந்த பிஸ்கட்டப் பிரிச்சுக் குடுத்துச் சமாளிச்சுட்டேன்."

பரவாயில்லை முருகேசன் என்றேன். பரவாயில்லை என்றுதான் என் வாயில் வந்தது.

அண்ணனின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போயிருந்தார்கள். தன் மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

"நீ லீவுக்கு முன்னாடி எழுதின நோட்ட நாலஞ்சு தடவை படிச்சேம்மா. ஒரு வார்த்தை பொய் இல்ல."

நான் திறந்திருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"முன்னாடி நாளே பாத்துட்ட, இல்ல?"

"பாத்தேன்ணே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா? அந்த ரூம்ல அத்தன பேர் முன்னாடி நான் அழுதப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். வயதான முகமாக இருந்தது.

"எனக்கு நெஜமா ஞாபகம் இல்லம்மா. மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல, விட்டேன், மறந்துட்டேன். நீ வந்து டைம் காட்டினப்பகூட, இவ தப்பிக்கப் பாக்கறான்னுதான் நெனச்சேன். ரெண்டாவது தடவையும் அப்படித்தான், மறந்துட்டேன்." எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்தார். "நான் மறந்து விட்டது. நீ தெரிஞ்சு விட்ட. அந்தப் பசங்களோட சோறும்மா அது."

வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யாக இருக்கலாம். நான் நேரத்தைக் காட்டியபோது கண்ணாடியை அத்தனை நேரம் துடைத்தாரே, மறந்துபோன ஆள் எதற்கு அப்படித் துடைக்க வேண்டும்? ஐம்பது வயதுவரை எதிலும் கை படாமல் வாழ்ந்தவர், போகிற போக்கில் இதையும் என் தலையில் இறக்கிவிட்டுப் போகத் தெரியாதவரா? பொய்தான். தொண்ணூறு பங்கு பொய்தான். மீதிப் பத்துப் பங்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவருடைய இடத்தில் இப்போது நான்தான் இருக்கிறேன். பதிவேட்டைத் திறக்கும் அனுமதி என்னிடம் இருக்கிறது. அந்தப் பழைய ஐந்து வாரத்துப் பதிவு எங்கேயாவது நகலில் தங்கியிருக்குமா, டெமோ முடிந்த பிறகு அவர் அந்தச் சீட்டை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிய தடயம் ஒன்றாவது கிடைக்குமா என்று நேரம் கிடைக்கும்போதெல்லாம் தேடுகிறேன். ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலும் போதும், மனிதருக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகிவிடும். இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை அந்த ஆளை நான் விடுவதாக இல்லை.